சோர்ஸ் ஜி

எல்லா மென்பொருள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். உபுண்டுவில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வரி அடித்தால் வந்து உட்காரும் மென்பொருளை, சோர்ஸ் கோடாக இறக்கி, அவிழ்த்து, தன் கையால் கம்பைல் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இட்லி கேட்டால் உளுந்து விதைக்கக் கிளம்புகிற ஆள். பெயர் எதுவானாலும் நமக்கு அவர் சோர்ஸ் ஜி.

"ஜி, மேக்னு அடிச்சா கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது" என்று புதுப் பையன் ஒருவன் வந்து நின்றால் போதும், ஜியின் முகம் பொலியும். 'பில்ட் எசன்ஷியல் போடு' என்று மூன்று சொல்லில் முடிக்கலாம். ஜிசிசி, ஜி++, மேக் எல்லாம் அந்த ஒரே பேக்கேஜோடு வந்துவிடும். முடிக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு சோலாரிஸில் ஆரம்பிப்பார்.

"எங்க காலத்துல மேக் இருக்கும்ப்பா. ஆனா யுஎஸ்ஆர், சிசிஎஸ், பின்னு உள்ள ஒளிஞ்சிருக்கும். பாத்ல சேர்த்தாத்தான் சிக்கும். கம்பைலருக்குத் தனியாக் காசு!"

1992இல் சோலாரிஸ் 2 வந்தபோது சன் நிறுவனம் சி கம்பைலரைத் தனியாக விற்றது உண்மை. பலர் இலவச ஜிசிசி பக்கம் சாய்ந்ததும் உண்மை. அப்போது ஜி மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

அடுத்து கன்ஃபிகர் ஓடும். ஓபன்எஸ்எஸ்எல் இல்லை என்று நிற்கும். "இருக்கே ஜி!" என்பான் பையன். இருப்பது புரோகிராம் ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய ஹெடர் ஃபைல்கள் வேண்டும். டெபியன் வகையில் அவை 'டெவ்' என்று முடியும் தனிப் பேக்கேஜில் இருக்கும், ஃபெடோராவில் 'டெவெல்'. இதை ஜியைப் போல் விளக்க ஆளில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. அத்தோடு விடுவாரா? "எதுக்கு அந்தப் பழைய வெர்ஷன்? ஓபன்எஸ்எஸ்எல்லையும் நாமளே கம்பைல் பண்ணிடலாம்." அதற்கு பெர்ல் வேண்டும். ஜியின் கண்கள் பெர்லின் சோர்ஸைத் தேடத் தொடங்கும். பையன் டிபன் பாக்ஸைப் பார்ப்பான்.

மேனேஜர் கேட்டால் "டிபெண்டன்சி பிராப்ளம் சார்" என்பார். பொய் இல்லை.

ஆகவே கன்ஃபிகர் நின்றுபோனால் ஜியிடம் ஓடாதீர்கள். கான்ஃபிக்.லாக் ஃபைலைத் திறந்து, அடியில் கொட்டிக் கிடக்கும் வேரியபிள் பட்டியலைத் தாண்டி மேலே போய், எங்கே நின்றது என்று படியுங்கள். எது இல்லை என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும், சோலாரிஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.