விற்பதற்கு ஒரு படிப்பா?

கேள்வி: என் மகள் எம்.பி.ஏ.வில் சர்வதேசச் சந்தைப்படுத்தல் திட்டமிடல் படிக்கிறாள். சரக்கு நன்றாக இருந்தால் தானே விற்காதா? இதற்கு எதற்குத் தனிப் பாடம்? (வாசகி, திருப்பூர்)

பதில்: உள்ளூர்க்காரருக்குச் சரக்கு பிடிக்காவிட்டால் கடைக்கே வந்து சண்டை போடுவார். வெளிநாட்டுக்காரர் வாங்காமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். அந்த மௌனத்தை முன்கூட்டியே கேட்கத்தான் இந்தப் படிப்பு.

1994-ல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. கார்ன்ஃபிளேக்ஸ் மொறுமொறுவென்று இருக்கக் குளிர்ந்த பால் வேண்டும். நம் வீட்டிலோ பால் என்றால் காய்ச்சிய பால்; ஆவி பறக்க ஊற்றினால் கிண்ணத்தில் கூழ்தான் மிஞ்சும். காலையில் சூடாக இட்லியோ பராத்தாவோ கேட்கும் நாக்கு அதை எப்படி ஏற்கும்? சரக்கில் குறையே இல்லை. பாலின் சூடுதான் திட்டத்தில் இல்லை!

விலைக் கணக்கை மகள் விரல் நுனியில் வைத்திருக்கட்டும். உங்கள் ஊர் பனியன் ஐரோப்பா போனால், சரக்கு விலையோடு கப்பல் கூலி, காப்பீடு இரண்டையும் சேர்த்த தொகைமீது சுங்கவரி விழும். அமெரிக்காவில் பொதுவாக அந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் வரி. அதற்கு மேல் இறக்குமதியாளர், கடைக்காரர் லாபம். பாடப்புத்தகம் இதைச் சொல்லும். ஆனால் பக்கத்து ஏற்றுமதி நிறுவனத்தில் ஒரே ஒரு ஆர்டரின் காகிதங்களைப் புரட்டினால் இன்னும் சீக்கிரம் புரியும். திருப்பூரில் இருந்துகொண்டு அந்த வாய்ப்பை விடலாமா? விடுமுறைக்கு வந்ததும் அனுப்பிவையுங்கள்.