தார்ப்பாய் விதி: புது லாரிக்கு விலை பேசுதல் குறித்து ஒரு முன்னாய்வு

குதிரைக்குச் சுழி பார்க்க நூல் உண்டு. மாட்டுக்கு வாகடம் உண்டு. வீடு கட்ட மனையடி சாஸ்திரம் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குத் தினசரிக் காலண்டரின் பின்னட்டையிலேயே அட்டவணை உண்டு. ஆனால் ஒரு மனிதன் தன் ஆயுளில் வாங்கும் ஆக விலையுயர்ந்த பொருளாகிய பன்னிரண்டு சக்கர லாரிக்கு எப்படி விலை பேசுவது என்று சொல்லத் தமிழில் ஒரு நூற்பாவும் கிடையாது. இப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்கு அது ஒரு தடையென்று நாம் கருதவில்லை.

களம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான்; சேலத்தோடு சேர்ந்திருந்த காலத்திலேயே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களெல்லாம் போய் போர் போடுகின்றன. இங்கே லாரி பற்றிக் கருத்து இல்லாதவர் இல்லை. லாரி இல்லாதவரிடம் கருத்து சற்றுக் கூடுதலாகவே உண்டு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரினம் ‘ஓனர் கம் டிரைவர்’. பத்து வண்டியை ஒரே நாளில் எடுக்கும் முதலாளியை விலக்கினோம்; அவர் ஷோரூமுக்குப் போவதில்லை, ஷோரூம்தான் அவர் வீட்டுக்கு வரும். ஓனர் கம் டிரைவருக்கோ நான்கு ஆசிரமங்கள்: கிளீனர், டிரைவர், பழைய வண்டி ஓனர், புது வண்டி ஓனர். மூன்றாம் ஆசிரமத்துக்கு வழி அகலமானதில் கடன் நிறுவனங்களுக்குப் பங்குண்டு. சம்பளச் சீட்டு இல்லாத ஓட்டுநருக்கும் பழைய லாரிக்குக் கடன் தரலாம் என்று தொழில் நடத்திக் காட்டிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979-இல் தொடங்கியது. நான்காம் ஆசிரமம் புகுபவர் இரண்டாம் ஆசிரமத்தைத் துறப்பதில்லை. வண்டி புதிது, ஓட்டுவது அவரேதான்.

இனி ஆய்வு. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர் காதில் எண் விழாது. லாரி ஷோரூமிலும் எண்ணை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை என்பது நம் முதல் கண்டுபிடிப்பு. விற்பனையாளர் கால்குலேட்டரில் எதையோ தட்டுகிறார், திரையை நம் பக்கம் திருப்புகிறார். நாம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறோம். அவர் அதை வாங்கி, அழித்து, மறுபடி தட்டித் திருப்புகிறார். இந்தக் கால்குலேட்டர் பழைய துண்டின் வாரிசே என்பது ஒரு கட்சி. துண்டுக்கடியில் இரு தரப்புக்கும் விரல் உண்டு, கால்குலேட்டரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது, ஆகவே இது வாரிசு அன்று, வீழ்ச்சி என்பது எதிர்க்கட்சி. நமக்கு எதிர்க்கட்சியே சரியெனப் படுகிறது.

காலம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆகவே ஆடியில்தான் விற்பனையாளர் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். ஆயுத பூஜைக்கு எடுக்க எல்லோரும் வருவார்கள்; அன்றைக்கு அவர் உட்கார்ந்தே வணக்கம் சொல்வார். மார்ச் கடைசியில் அவருக்குக் கணக்கு முடிக்கும் அவசரம். ஜனவரியில் வேறொரு நுட்பம். சேசிஸ் எண்ணில் தயாரித்த ஆண்டுக்கென்று ஓர் எழுத்து உண்டு: 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். டிசம்பரில் ஆலையை விட்டு வந்த வண்டி ஜனவரி முதல் தேதி விடிந்ததும் ‘போன வருஷ வண்டி’ ஆகிவிடும். இந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் வருவதே இல்லை. ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்புமென்று விலக்கிவைத்திருக்கிறார்கள். செய்யுளின் முதலில் வரக்கூடாத நச்செழுத்துகளைப் பாட்டியல் நூலார் பட்டியலிட்டது நினைவுக்கு வருகிறது. வாங்குகிறவர் குனிந்து சேசிஸ் எண்ணைப் படிக்கத் தொடங்கினால் விற்பனையாளர் முகத்தில் ஏற்படும் மாறுதல் தனி ஆய்வுக்குரியது.

காலமே அரசன் என்பதற்கு வரலாற்றுச் சான்று 2017. பி.எஸ்.3 என்ற பழைய புகைத் தரத்து வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று சொன்னது. நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எந்த ஷோரூமிலும் யாரும் ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொன்னதாகத் தெரியவில்லை. 2018 ஜூலையில் அச்சுப் பளுவை உயர்த்தியபோது பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது, இருக்கிற வண்டியே கூடுதலாக ஏற்றும்போது புது வண்டி எதற்கு என்றாயிற்று. மறு ஆண்டு விற்பனை சரிந்தது, தள்ளுபடி பெருகியது. அப்போது வாங்கியவர்கள் தங்கள் பேச்சுத் திறமையால் குறைத்ததாக இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் கலைக்க விரும்பவில்லை.

குழு அமைப்பு: தனியாளாய்ப் போய் விலை பேசியவர் எவரையும் நாம் காணவில்லை. குறைந்தது மூவர் வேண்டும். வாங்குகிறவர், அவருடைய மச்சான், ஏற்கெனவே டாரஸ் லாரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். வாங்குகிறவருக்கு வண்டி மேல் ஆசை இருப்பது முகத்தில் தெரிந்துவிடும், ஆகவே அவர் பேசக்கூடாது. மச்சான் குறை சொல்ல வேண்டும். பெரியவரின் வேலை ஒன்றே ஒன்று: உரிய நேரத்தில் “எந்திரிங்க, போலாம்” என்று சொல்வது.

“அண்ணா, உக்காருங்ணா. இதுக்கு மேல கொறைக்கோணும்னா மேனேஜரத்தான் கேக்கோணுங்க.”

“கேட்டுட்டு வா கண்ணு. நாங்க எங்க போறோம்?”

எழுந்து நிற்பதற்கும் ‘எங்கே போறோம்’ என்பதற்கும் உள்ள முரண்பாட்டை இரு தரப்பும் பெருந்தன்மையாக விட்டுவிடுவதே மரபு. எத்தனை முறை எழலாம்? இரண்டு. மூன்றாம் முறை எழுந்தால் தடுக்க மாட்டார்கள். வாசல்வரை போய், செருப்பை மாட்டி, பிறகு நாமாகவே “தண்ணி பாட்டல வச்சுட்டு வந்துட்டேன்” என்று திரும்ப வேண்டியிருக்கும்.

மேனேஜர் கண்ணாடி அறையில் இருப்பார். விற்பனையாளர் உள்ளே போவதும், கையை ஆட்டிப் பேசுவதும், மேனேஜர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதும் வெளியே தெரியும்; ஒலி வராது. நம் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு அகச்சான்று இல்லை. மத்தியானம் பிரியாணி சொல்வதா சாப்பாடு சொல்வதா என்று பேசுகிறார்கள் என்போரும் உளர்.

இங்கேதான் இக்கட்டுரையின் மையம். விலை ஒருவழியாகப் படிந்து, எல்லோரும் டீ குடித்து முடித்தபின், மச்சான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “தார்ப்பாய் குடுத்துருவீங்கல்ல?” என்று கேட்பார். அடுத்த முக்கால் மணி நேரம் தார்ப்பாய்க்குப் போகும். தொடர்ந்து கயிறு, ஜாக்கி, சீட் கவர், முதல் டேங்க் டீசல். முப்பது லட்சத்தைப் பத்து நிமிடத்தில் முடித்தவர்கள் சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்குக் குரலை உயர்த்துவார்கள். இதை அற்பத்தனம் என்று தள்ளுவது மேலோட்டமான வாசிப்பு. ஓனர் கம் டிரைவருக்குத் தார்ப்பாயின் விலை தெரியும். எத்தனை முறை தானே வாங்கி, மழையில் கட்டி, கிழிந்ததைத் தைத்திருக்கிறார்! சேசிஸ் விலையில் ஆலைக்கு எவ்வளவு, ஷோரூமுக்கு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே விதி: பேரத்தின் சூடு பொருளின் விலையைப் பொறுத்ததன்று; அதன் விலை நமக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதைப் பொறுத்தது. இதைத் தார்ப்பாய் விதி என்க. ஷோரூமுக்கும் இவ்விதி தெரியும். அதனால்தான் தார்ப்பாயைக் கடைசிவரை கொடுக்காமல் வைத்திருந்து, பின்பு உயிரைக் கொடுப்பதுபோல் கொடுக்கிறார்கள்.

விதியின் மறுபக்கம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஃபைனான்ஸ்காரர். “ஏழு பர்சென்ட்தாங்ணா, ஃபிளாட்டு” என்பார். 30 லட்சம் கடன், நாலு வருஷம். வட்டி 8.4 லட்சம், மாதம் 80,000 டியூ. கணக்கு சுத்தம், மச்சான்கூட வாயை மூடிக்கொள்வார். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு 30 லட்சத்துக்கும் போட்டபடி நிற்கிறது. குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 12.7 சதவீதம். போகட்டும், இந்த ஏழில் கால் சதவீதம் குறைத்துக் கேட்டால் நாலு வருஷத்தில் 30,000 ரூபாய் மிச்சம். தார்ப்பாய்க்கு ஆன முக்கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தை இந்த மேசைக்கு ஒதுக்கியவர் மிகச் சிலர். இன்சூரன்ஸும் அப்படியே. மூன்றாம் நபர் பகுதியின் கட்டணம் அரசு வைத்தது, அசையாது. சொந்தச் சேதப் பகுதி அசையும். அசையாததும் அசைவதும் சேர்த்து ஒரே தொகையாகக் காகிதத்தில் வரும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி இருக்கும்.

அரசு தரப்பையும் மறக்கலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 30 லட்சம் என்றால் ஒரே நாளில் 3 லட்சம் குறைவு. ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத ஓனர் கம் டிரைவருக்கு இந்த வரி வேறெங்கும் கழியாது என்பதால் அவருக்கு இது முழு லாபம். எந்த மச்சானும் எந்தக் காலத்திலும் சாதிக்காத தள்ளுபடி! அதே ஆண்டு அக்டோபர் முதல் தயாராகும் கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமானது. அதுவரை “ஏ.சி. போட்டுக் குடுங்க” என்பது பேரத்தில் ஓர் உறுப்பாக இருந்தது, சட்டம் அதைப் பறித்துக்கொண்டது. இவற்றுக்குப் பின்னும் தார்ப்பாய் கேட்பது நின்றதாகத் தகவல் இல்லை.

முழு வண்டியாக வாங்காமல் சேசிஸ் மட்டும் எடுத்துப் பட்டறையில் பாடி கட்டுவோர் கதை வேறு. கேபின்கூட இல்லாத சேசிஸைத் தற்காலிகப் பதிவு எண்ணோடு ஓட்டி வருகிறவரைப் புறவழிச்சாலையில் பார்த்திருப்பீர்கள். நாலாபுறமும் வெட்டவெளி, தலையையும் முகத்தையும் சுற்றிய துண்டு, இடுங்கிய கண், முன்னால் ஸ்டியரிங் மட்டும். அந்த வண்டி பட்டறையில் வாரக்கணக்கில் நிற்கும். டியூ நிற்காது. ‘முதல் டியூ ரெண்டு மாசம் கழிச்சு’ என்று ஃபைனான்ஸ்காரரிடம் எழுதி வாங்கியவர், நம் பார்வையில், வேறெதுவும் பேசாமலே வென்றவர். மற்றவர் தினமும் காலையில் பட்டறைக்குப் போய் ஸ்டூல் போட்டு உட்காருவார். அவர் உட்கார்ந்தால் வெல்டிங் வேகமாகும் என்ற கருதுகோளுக்கு இதுவரை ஆதாரம் கிட்டவில்லை.

ஆய்வு முறை பற்றி ஒரு குறிப்பு. விலைத் தரவு திரட்டுவதில் நாம் பெரும் இடர்ப்பட்டோம். எலுமிச்சம்பழம் நசுங்கி, பூசணி உடைந்து, அட்டையில் செய்த ஆளுயரச் சாவியோடு போட்டோ எடுத்து, வண்டி வெளியே வந்ததும் டீக்கடையில் முதல் கேள்வி, “எவ்வளவுக்கு முடிச்சீங்க?” தான் ஏமாந்ததாகக் காட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஆகவே உண்மையில் கொடுத்ததிலிருந்து ஐம்பதாயிரம் குறைத்துச் சொல்வார். கேட்டவர் அடுத்த ஊரில் அதில் இன்னும் இருபதாயிரம் குறைத்துச் சொல்வார். தன் சொந்தக்காரர் வாங்கியதாகவும் சொல்வார். இப்படியாக வட்டாரம் முழுக்க ஒரு விலை புழக்கத்தில் இருக்கிறது. அந்த விலைக்கு யாரும் என்றும் ஒரு லாரியும் வாங்கியதில்லை. அடுத்த நல்ல நாளில் வேறொரு ஓனர் கம் டிரைவர், தன் மச்சானோடும் ஒரு பெரியவரோடும், அதே விலையை நெஞ்சில் ஏந்தி ஷோரூமுக்குள் நுழைகிறார். விற்பனையாளர் கால்குலேட்டரை எடுக்கிறார்.

“அந்த ரேட்டுக்கு எங்களுக்கே வராதுங்ணா.”

இந்த முழு ஆய்விலும் நாம் கேட்ட உண்மையான வாக்கியம் இது ஒன்றுதான். மூவரும் நம்பவில்லை.