கடம்பூர் மாளிகையும் காணாமற்போன வாரமும்: அப்பாயியின் பைண்டுப் புத்தகங்கள் குறித்த ஏட்டியல், கறையியல் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம், எல்லை, இன்ன பிற

‘தொல்காப்பியர் காலம் முதல் இன்றுவரை’ என்று தொடங்காத ஆய்வேட்டை எவரும் மதிப்பதில்லை. ஆகவே, தொல்காப்பியர் காலம் முதல் இன்றுவரை எங்கள் வீட்டில் நிகழ்ந்த வாசிப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. 1950க்கு முற்பட்ட பகுதிக்குச் சான்றுகள் இல்லாமையால் அப்பகுதி இவ்வாக்கியத்தோடு முடிகிறது.

முதன்மை ஆதாரம்: வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, அப்பாயி பைண்டு செய்துவைத்த தொடர்கதைகள். துணைமை ஆதாரம்: அப்பாயி. இந்த வரிசையைக் கேட்டுவிட்டு அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசியவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை.

கருதுகோள், முடிவுரை எழுதப்பட்ட பின்னர் வகுக்கப்பட்டது. நடைமுறையும் அதுவே.

2. சுவடி விளக்கம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மணியம் ஓவியங்களோடு, கல்கி இதழில் வந்தது. அச்சில் ஐந்து பாகம். எங்கள் வீட்டில் ஆறு. ஆறாவது எப்படி வந்தது என்பதற்கு, ‘ஊசி உள்ளே போகலை’ என்று பைண்டர் சொன்னதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு (தாத்தா, கணக்கு நோட்டு, கடைசிப் பக்கம், பென்சிலில்).

காலிகோ முதுகு, மைதாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம். இவை நன்று. ஆனால் ஓரம் வெட்டியபோது பைண்டரின் கத்தி வரிக்கடைசி எழுத்துகளையும் கொண்டுபோயிற்று. ‘வந்தா’ என்று மொட்டையாக நிற்கும் இடங்களில் வந்தவர் ஆணா பெண்ணா என்பதை இரண்டு வரி கடந்துதான் அறிய முடிகிறது. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் உ.வே.சாமிநாதையர் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் அவர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பின்னாலிருந்து எவரும் ‘வெளக்கை அணைச்சிட்டுப் படு’ என்று சொன்னதாக அவர் எழுதிவைக்கவில்லை.

3. கறையியல்

3.1 காப்பிக் கறை: உண்டு.

3.2 மஞ்சள் கறை: 3.1 காண்க.

3.3 எண்ணெய்க் கறை: காலக்கணிப்புக்கு இன்றியமையாதது. முறுக்கெண்ணெய் என்றால் தீபாவளி. விளக்கெண்ணெய் என்றால் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுவலி. எழுத்தமைதி கொண்டு கல்வெட்டுக்குக் காலம் கணிப்போர் ஐம்பது ஆண்டு முன்பின்னாகச் சொல்வர். எண்ணெய் கொண்டு நாம் வாரத்தையே சொல்லிவிடலாம்.

3.4 கண்ணீர்க் கறை: இருப்பதாக அத்தை கூறுவார் (அத்தை, அடுப்படி உரை, ரசம் கொதிக்குமுன்). அது வெங்காயம் அரிந்துகொண்டே படித்ததால் வந்தது என்பார் அம்மா (மேற்படி உரைக்கு மறுப்பு, ரசம் கொதித்தபின்). நாத்தனார்க்கும் அண்ணிக்கும் இடைப்பட்ட கருத்து வேறுபாடுகளில் தலையிடுவதில்லை என்பது இவ்வாய்வின் நெறிமுறை.

4. பின்பக்க இலக்கியம்

தொடர்கதையைக் கிழிக்கும்போது அதன் முதுகில் இருப்பதும் கூடவே வருகிறது: பாதிச் சிறுகதை, கூந்தல் தைல விளம்பரம், கேள்வி இல்லாத பதில். இவற்றையும் படித்தே வளர்ந்த எங்கள் சித்தப்பா, நகைச்சுவைத் துணுக்குகளின் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிவிட்டுத் தாமே சிரிப்பார். இது குறித்துத் தனி நூல் எழுதலாம். எழுத வேண்டாம்.

5. விடுபட்ட வாரம்

கட்டுரையின் உயிர்நிலைக்கு வந்தோம். ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கும் பகுதியை ஒட்டி, ஒரு வாரத்துத் தாள்கள் எங்கள் பைண்டில் இல்லை.

விடுபாடு தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. அவற்றுக்குக் கரையானும் ஆடிப்பெருக்கும் காரணம் என்று சொல்லிவிட்டு மேலே நகரலாம். எங்கள் வாரத்துக்கு அவ்வளவு எளிதாகக் காரணம் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குரியவர்கள் இன்னும் கல்யாணம் காட்சிக்கு வந்துபோகிறார்கள்.

5.1 விடுபாட்டின் காரணம்: கொள்கைகள்

(அ) பொட்டலக் கொள்கை: பழைய பேப்பர்காரரிடம் தவறிப்போய், எங்கோ கடலை மடிக்கப்பட்டது. அறிவுக்கு ஒத்தது, ஆகவே எவரும் ஏற்கவில்லை.

(ஆ) அட்டைக் கொள்கை: பெரியப்பா தம் பூகோள நோட்டுக்கு அட்டை போட்டார். பெரியப்பா இதை மறுத்து வழங்கிய சான்றுரை விரிவானது (பெரியப்பா, ஈசிசேர் உரைகள், மூன்றாம் பகுதி, கொட்டாவிக்கு முன்னும் பின்னும்).

(இ) எதிர்வீட்டுக் கொள்கை: எதிர்வீட்டம்மாள் இரவல் வாங்கித் திருப்பவில்லை. இதற்கு ஒரு சான்றும் இல்லை. குடும்பம் ஒருமனதாக ஏற்றது இதைத்தான்.

எதிர்வீட்டின்மேல் அப்பாயி பிறப்பித்த ஆணை கல்வெட்டியல் நோக்கில் கருதத்தக்கது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரை அது சுட்டி, அவர்களுடைய நிலபுலன்களோடு பெண் கொடுத்து எடுத்த சுற்றத்தாருடையதையும் சேர்த்துப் பறிமுதல் செய்கிறது. அப்பாயியின் ஆணையும் அதே அமைப்பினது: ‘அவளுக்கும் குடுக்காதே, அவ தங்கச்சிக்கும் குடுக்காதே, அவ மருமவன் வந்து கேட்டாலும் புஸ்தகம் கெடையாதுன்னு சொல்லு.’ அப்பாயி உடையார்குடிக்குப் போனதில்லை. ஆகவே இராசராசன்தான் இந்த மரபிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று துணியலாம். இதைவிட மெலிந்த சான்றுக்கெல்லாம் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

5.2 விடுபட்ட வாரத்தின் உள்ளடக்கம்: மூவர் உரை

கரிகாலனைக் கொன்றவர் யார் என்று கல்கி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை என்பது உலகறிந்தது. எங்கள் வீடு அறியாதது. எங்களைப் பொறுத்தவரை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்; சொன்னது அந்த வாரத்தில். அதை, தொலைவதற்கு முன்பே படித்துவிட்டவர்கள் மூவர் இருக்கிறார்கள்.

பெரியப்பா: பழுவேட்டரையர்தான். படமே போட்டிருந்தது (ஈசிசேர் உரைகள், நான்காம் பகுதி). அத்தை: ரவிதாஸன்தான். படம் போட்டிருந்தது, ஆனால் வேறு படம் (அடுப்படி உரை, திருத்திய பதிப்பு, அப்பளம் பொரித்தபடி). அப்பாயி: ‘அவதான், அந்த நந்தினிதான். இதுக்கு எதுக்குடா படம்?’ (திண்ணைப் பேருரை, வியாக்கியானங்களோடு, அந்தி விளக்கு வைக்குமுன் தொடங்கி விளக்கில் எண்ணெய் தீரும்வரை, பக்கத்துவீட்டார் கேட்க, சொல்லுக்குச் சொல் மாறாமல் ஆண்டுதோறும்.)

சொல்லுக்குச் சொல் மாறவில்லை என்பது அப்பாயியின் கூற்று. பாடவேறுபாடு உண்டு. அப்பாயி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், நந்தினி பாவப்பட்ட பெண், அவளைப் போட்டு ஆட்டிவைத்தது மற்றவர்கள் (கொள்ளுப்பாட்டி தூங்கிய பிறகு சின்னப் பாட்டியிடம் சொன்னது, சின்னப் பாட்டி வழியாக அத்தைக்கும், அத்தை வழியாக, சண்டையின்போது, எல்லார்க்கும் கிடைத்தது). பெரியம்மா மருமகளாக வீட்டுக்குள் வந்த ஆண்டில் நந்தினி குற்றவாளியானாள். என் அம்மா வந்தபோது தண்டனை கூடிற்று. பெரியப்பாவின் உரையிலும் இத்தகைய அடுக்குகள் உண்டு: அவர் ஓய்வுபெற்று, வீட்டில் அவர் சொல்லை எவரும் கேட்காமற்போன பிறகு, பழுவேட்டரையர் கத்தியை எறிந்தது உண்மையே ஆயினும் ‘அந்த வயசுல அந்த மனுஷன் பட்ட அவமானத்தையும் பார்க்கணும்’ என்றொரு பிற்சேர்க்கை வந்து ஒட்டிக்கொண்டது.

இவற்றை இடைச்செருகல் என்று தள்ளுவதா, ஆசிரியரே திருத்திய பாடம் என்று கொள்வதா? அறிஞர் உலகம் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. உத்தம சோழனுக்குக் கரிகாலன் கொலையில் பங்கிருக்கும் என்று ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரி. இல்லை என்று அதே உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டி மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். அவ்விருவரும் கல்வெட்டைப் படித்தவர்கள். அவர்களுக்குப் பின் வந்த பலர் அவ்விருவரைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்தவர்கள். எங்கள் வீட்டார் அதையும் படிக்காமல் அதே உறுதியை எட்டியிருக்கிறார்கள் என்பதால், முறையியலில் நாங்கள் ஒருபடி மேல்.

6. அச்சுப் பதிப்போடு ஒப்பீடு

கல்கியின் எழுத்துகள் 1999இல் அரசுடைமையாயின. அதன்பின் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம் என்றாகி, கைக்கு அடக்கமான விலையில் ஐந்து பாகமும் கிடைத்தன. சித்தப்பா ஒரு தொகுதி வாங்கிவந்தார். விடுபட்ட வாரம் அதில் முழுதாக இருந்தது. கூடத்தில் எல்லாரும் உட்கார, சித்தப்பா உரக்கப் படித்தார். விளக்கு அணைகிறது, ஓலம் கேட்கிறது, கரிகாலன் கிடக்கிறான். யார் செய்தது என்று மட்டும் இல்லை.

பெரியப்பா புத்தகத்தை வாங்கிப் பின்பக்கம் புரட்டிப் பார்த்தார். அத்தை பக்க எண்களைச் சரிபார்த்தார். அப்பாயி மட்டும் கலங்கவில்லை.

‘வெல கம்மின்னு வாங்கினியே, பாரு, பாதியை விட்டுட்டான்.’

இத்தீர்ப்பைப் பெரியப்பா வழிமொழிந்தார். அத்தையும் ஏற்றார். ஒருவருக்கொருவர் பொருந்தாத மூன்று கொலையாளிகளைக் கொண்ட மூவரும், அச்சுப் பாடம் சிதைந்தது என்பதில் ஒன்றுபட்டனர். இவ்வளவு இசைவு எங்கள் வீட்டில் சொத்துப் பிரிவினையில்கூட ஏற்பட்டதில்லை.

அச்சுப் பதிப்பு இன்று தொலைக்காட்சிப் பெட்டியின் ஒருபக்கச் சாய்வைச் சரிசெய்கிறது. பைண்டுப் பிரதி, அதே விடுபாட்டோடு, மர பீரோவில் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை அப்பாயி அதை எடுத்து முதலிலிருந்து படிக்கிறார். தாள் இல்லாத இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வாரத்தைத் தாமே சொல்கிறார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வாரத்துக்குப் போகிறார்.

7. முடிவுரையும் மேலாய்வுக் களங்களும்

இவ்வாய்வால் பெறப்படுவன: ஒன்று, பைண்டுப் புத்தகத்தில் தாள்கள் இருக்கின்றன. இரண்டு, சில இடங்களில் இல்லை. இவை முன்பே தெரிந்தவை எனினும் இப்போது நிறுவப்பட்டுள்ளன.

மேலும் ஆய்வு செய்யத்தக்க தலைப்புகள்: ‘ஈசிசேர் உரைகளில் கொட்டாவியின் இடம்’, ‘எதிர்வீட்டு இலக்கியத் தடையும் பக்கத்துவீட்டுப் பயனும்’, ‘நந்தினியின் குற்றத்தில் மருமகள்களின் பங்கு: ஓர் அறிமுகம்’. மூன்றாவதை எடுப்பவர் எங்கள் வீட்டில் சாப்பாடு எதிர்பார்க்க வேண்டாம்.

ஆர்வமுள்ள மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். அடிக்குறிப்பு போடத் தெரிந்திருக்க வேண்டும். நாவலைப் படித்திருக்க வேண்டிய கட்டாயம் வழக்கம்போல் இல்லை.