பெயர் மாறினால் பார்வை மாறுமா?

கேள்வி: டிமென்ஷியா உள்ளவரைச் சமூகம் ‘நடைப்பிணம்’ என்றே சித்திரிக்கிறதே, நோயின் பெயரை மாற்றினால் அந்தப் பார்வை மாறுமா?

பதில்: மூளையைத் தாக்கும் நோய்களால் நினைவும் சிந்தனையும் மொழியும் படிப்படியாகக் குன்றி, அன்றாட வாழ்க்கையே தடுமாறும் நிலை டிமென்ஷியா எனப்படும், முதுமையில் இயல்பாக வரும் மறதி வேறு, இது வேறு. ஜப்பானில் இதற்கு வழங்கிவந்த ‘சிஹோ’ என்னும் சொல் மடமை என்ற பொருளையும் சுமந்து நோயாளிகளை இழிவுபடுத்தியதால், 2004இல் அந்நாட்டு அரசு அதைக் கைவிட்டு, அறிதிறன் சார்ந்த நோய் எனப் பொருள்படும் ‘நின்சிஷோ’ என்ற சொல்லை ஏற்றது. பெயர் மாற்றம் கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே நுழைய மனமும் வேண்டும்.

அந்த மனம் எப்படி இருக்கும் என்பதை, தொலைக்காட்சி இயக்குநர் ஷிரோ ஒகுனியின் முயற்சியால் 2017இல் டோக்கியோவில் சில நாட்கள் மட்டும் நடந்த ‘தவறான ஆர்டர்களின் உணவகம்’ காட்டியது. டிமென்ஷியா உள்ளவர்களே அங்கு பரிமாறினர். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றாலும், அவ்வாறு நேரலாம் என்று அறிந்தே வந்திருந்த விருந்தினர் முகம் சுளிக்காமல் சிரித்தபடி உண்டனர். நோய் அங்கு குணமாகவில்லை, எனினும் தட்டை ஏந்தி வந்தவர் ‘நோயாளி’யாக அன்றி, உழைத்து உபசரிக்கும் மனிதராகத் தெரிந்தார். மறப்பது நோயின் இயல்பு. மறப்பவரும் மனிதரே என்பதை மறப்பதுதான் சமூகத்தின் நோய், அதற்கான மருந்தும் சமூகத்தின் கையிலேயே இருக்கிறது.