போலி டெர்மினல் நிறுவுதல்: பாடபேதங்களும் சில ஐயங்களும்

நிரல்கள் ஆள் பார்த்துப் பேசும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். சான்று வேண்டுவோர் லினக்ஸ் டெர்மினலில் 'எல்எஸ்' என்று அடித்துப் பார்க்கலாம். கோப்புப் பெயர்கள் பத்தி பத்தியாக அடுக்கி வரும். அதையே 'கேட்' கட்டளைக்குத் திருப்பிவிட்டால் வரிக்கு ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். எதிரே இருப்பது டெர்மினல்தானா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்கிறது! இந்த மரியாதை முதலில் டெலிடைப்புக்கு உரியது. 1963இல் வந்த டெலிடைப் 33, நொடிக்குப் 10 எழுத்து அடிக்கும். இயந்திரம் அருங்காட்சியகம் போய்விட்டது. மரியாதை 'டிடிஒய்' என்ற பெயரில் நடக்கிறது. அதை ஏமாற்றி வாங்கித் தருவதே போலி டெர்மினல் லைப்ரரி.

யூனிக்ஸ் மரபில் இதற்கு 'ஃபோர்க்பிடிஒய்' என்ற ஃபங்ஷன் உண்டு. அது எந்த ஏட்டில் இருக்கிறது என்பதில்தான் பாடபேதம். லினக்ஸ் சுவடியில் 'பிடிஒய்.ஹெச்', மேக் சுவடியில் 'யுடில்.ஹெச்', ஃப்ரீபிஎஸ்டி சுவடியில் 'லிப்யுடில்.ஹெச்'. உ.வே.சா. கையில் கிடைத்திருந்தால் அடிக்குறிப்போடு ஒரே பதிப்பாக்கியிருப்பார். நிரலர்கள் '#இஃப்' போட்டு மூன்றையும் அப்படியே விட்டுவைத்தார்கள்.

அஃதேல், ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோனுக்கு இத்தொல்லை எற்றுக்கு எனின், கூறுதும். விஎஸ் கோடின் உள்டெர்மினலைத் தாங்குவது 'நோட்-பிடிஒய்'. மேலே டைப்ஸ்கிரிப்ட், உள்ளே சி++. மூலத்திலிருந்து கட்டுவதானால் கம்பைலர் வேண்டும். கம்பைலரை ஏவ 'நோட்-ஜிப்' வேண்டும். நோட்-ஜிப்புக்குப் பைத்தான் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வீட்டுக் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுப்பது பைத்தான். 2023இல் பைத்தான் 3.12 'டிஸ்ட்யுடில்ஸ்' பகுதியைக் கழித்துக் கட்டியதும் பழைய நோட்-ஜிப்புகள் மணமேடையிலேயே மயங்கி விழுந்தன. மற்றபடி உபுண்டுவில் 'பில்ட்-எசென்ஷியல்', மேக்கில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ். ஆராய அதிகமில்லை.

விண்டோஸ் பரபக்கம். அங்கே நெடுங்காலம் போலி டெர்மினல் என்ற தத்துவமே கிடையாது. 'வின்பிடிஒய்' என்றொரு கருவி கண்ணுக்குத் தெரியாத கன்சோல் ஒன்றைத் திறந்து, அதன் திரையை ஓயாமல் எட்டிப் பார்த்து நகலெடுத்துக் காலம் தள்ளியது. (போலிக்கும் ஒரு போலி!) 2018இல் விண்டோஸ் 10இன் 1809 பதிப்போடு 'கான்பிடிஒய்' வந்த பிறகே முறையான வழி பிறந்தது.

ஆனாலும் கட்டுவது சுலபமன்று. விஷுவல் ஸ்டூடியோ இன்ஸ்டாலரில் சி++ பகுதியை டிக் செய்தால் ஜிபி கணக்கில் இறங்கும். அதன் பிறகும் 'எம்எஸ்பி8040' என்று ஒரு பிழை நிற்கும்: ஸ்பெக்டர் தடுப்பு லைப்ரரிகளைக் காணோமாம். ஸ்பெக்டர், 2018 ஜனவரியில் அம்பலமான செயலி ஓட்டை. டெலிடைப் வேடம் கட்ட வந்தவனை, அந்த டெலிடைப் பிறந்து 55 ஆண்டு கழித்து வெளிப்பட்ட ஓட்டைக்கு அடைப்பு எங்கே என்று மடக்குகிறார்கள். 'இண்டிவிஜுவல் காம்பொனென்ட்ஸ்' பகுதியில் 'ஸ்பெக்டர்' என்று தேடினால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் நம் கம்ப்யூட்டரின் சிப்புக்குப் பொருந்துவதாக, பெயரின் கடைசியில் 'லேட்டஸ்ட்' என்று இருப்பதை டிக் செய்க.