விருதுக்கு முன்னால் வாசகர்

கேள்வி: மக்கள் உடல்நலம் பற்றிப் புலனாய்வுச் செய்தி எழுதுகிறவர்களுக்கு விருது கொடுப்பதால் யாருக்கு என்ன லாபம்?
– வாசகர், நெய்க்காரப்பட்டி

பதில்: போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் விஷவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். அவருடைய நண்பர், நிருபர் ராஜ்குமார் கேஸ்வானி. மாதக்கணக்கில் துருவி, ஊருக்கே ஆபத்து என்று 1982இல் தன் சின்ன வாரப் பத்திரிகையில் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1984 டிசம்பரில் அதே ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1985இல் அவருக்குக் கோயங்கா விருது! விருதுக் குழு படித்ததை அதிகாரிகள் முன்பே படித்திருக்கக் கூடாதா?

விருது நல்லதுதான், சின்னப் பத்திரிகைக்காரருக்கு அது கவசம். ஆனால் முதலில் வேண்டியது உங்களைப் போல் கேட்கிற ஆள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது? தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.