பட்டை மேலேயா, கீழேயா?

என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப அம்மா விற்றது இரண்டு பரப்புக் காணி. எங்கள் அடுப்புக்குக் காவோலையும் மட்டையும் தந்த பனைகள் நின்ற காணி அது. முப்பது வருடம் கழித்து, ஒஸ்லோவில் வங்கிக் கடனில் வாங்கிய வீட்டுக்கு நான் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் எது தெரியுமா? விறகடுப்பு.

குற்றவாளி மின்சாரம்தான். இந்த நாட்டில் அநேக வீடுகள் சூடாவது மின்சாரத்தில். 2021 குளிர்காலத்தில் அதன் விலை ஏறிய ஏற்றத்தில், கட்டணச் சீட்டைப் பார்த்ததுமே உடம்பு சுட்டது. ஆனால் அந்தச் சூடு இரவு முழுக்க நிற்கவில்லை.

கடையில் கல்யாணக் கிடாரம் ஏற்றலாம் போன்ற ஓர் அடுப்பைக் காட்டினேன். விற்பனையாளர் என் அறையின் அளவைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். சின்ன அறையில் பெரிய அடுப்பை மூட்டினால் வெக்கை தாங்காமல் காற்றுத் துவாரத்தை அடைப்பீர்கள். அடைத்தால் விறகு எரியாது, புகையும். கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் கரி படியும் என்றார். ஐந்து கிலோவாட் போதுமாம். 1998க்குப் பிறகு இங்கே விற்கும் புதிய அடுப்புகள் விறகின் புகையையும் சேர்த்து எரித்துவிடும் வகை. பழைய அடுப்புகளை மூட்டவே கூடாது என்று பேர்கன் நகரம் 2021 முதல் தடை போட்டிருக்கிறது.

ஊரில் அம்மா அடுப்புப் போட மூன்று கல்லும் ஒரு பின்னேரமும் போதும். இங்கே சுவருக்கு இவ்வளவு இடைவெளி, கதவுக்கு முன்னால் தரையில் 30 சென்ரிமீற்றராவது எரியாத தகடு, தகுதியுள்ள ஒருவரின் பரிசோதனை, நகரசபைக்கு அறிவிப்பு. என் கல்யாணப் பதிவுக்கே இவ்வளவு கடிதம் போகவில்லை.

அடுத்தது விறகு. மலிவாகக் கிடைத்தது என்று ஒருவரிடம் பேர்ச் விறகு வாங்கினேன். அடுப்பில் வைத்ததும் அது சீறியது, அழுதது, எரிய மட்டும் மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து, “சூர்” என்றார். நோர்வேஜிய மொழியில் சூர் என்றால் புளிப்பு. ஈர விறகுக்கும் அதே பெயர். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் விறகு, இல்லையென்றால் மரம். நம்பகமான மனிதரை இவர்கள் ‘ஹெல் வெட்’, முழு விறகு, என்று புகழ்வார்கள். லார்ஸ் மித்திங் அதே பெயரில் 2011இல் விறகைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், விற்றுத் தள்ளியது. 2013 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சி பன்னிரண்டு மணிநேரம் விறகு நிகழ்ச்சி நடத்தியது. அதில் எட்டு மணிநேரம் நெருப்பு எரிந்ததுதான் காட்சி. பார்த்தவர்கள் முறைப்பாடு அனுப்பினார்கள்: பாதிப் பேர் பட்டை மேலே பார்த்து அடுக்கியது பிழை என்று, மீதிப் பேர் பட்டை கீழே பார்த்து அடுக்கியது பிழை என்று.

மார்கழியில் அம்மா வந்தா. கட்டைகளைக் கீழே அடுக்கி, சுள்ளியை உச்சியில் வைத்து, உச்சியில் நெருப்பு வைத்தேன். புகை குறைய இங்கே சொல்லித்தரும் முறை அது.

“என்னடா தலைகீழா மூட்டுறாய்? கொள்ளி வைக்கிற மாதிரி!”

எரிந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பானையை எங்க வைக்கிறது?”

“இதில சமைக்கிறேல்லை அம்மா.”

“பேந்தேன் எரிக்கிறாய்?”

பதில் என்னிடம் இல்லை. கதிரையை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தா. ஐம்பது வருடம் குந்தியிருந்து, கண்ணீர் வழிய ஊதின நெருப்பைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தா. நான் நிலத்தில் முழந்தாளிட்டு, காற்றைத் திறந்து, கட்டையைத் தள்ளி, பட்டை மேலேயா கீழேயா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப ஒழுங்கா எரியுது,” என்றா அம்மா. “ஆம்பிளைப் பிள்ளை அடுப்படிக்கு வரக்கூடாதெண்டு உன்னை வளத்ததுதான் பிழை. அங்கயே ஊத விட்டிருந்தால் காணி மிஞ்சியிருக்கும்.”